ஆவுளியாவும் பேராமையும்: ராமநாதபுரம் கரையில் ஆமை பார்க்கப் பழகுபவர்களுக்கு

மண்டபத்துக்கு வடக்கே இருக்கும் கடலை எங்கள் பக்கத்தில் வடகடல் என்போம், தெற்கே மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம். வடகடலில் ஆளளவுத் தண்ணீரிலேயே கடற்புல் வயல் மாதிரி வளர்ந்து கிடக்கிறது. அந்தப் புல்லை மேய இரண்டு பெரிய உயிர்கள் வருகின்றன. ஒன்று ஆவுளியா, பாடப்புத்தகத்தில் கடல் பசு. இன்னொன்று பேராமை, அதாவது பச்சைக் கடலாமை. இரண்டுக்கும் ஒரே மேய்ச்சல், இரண்டுக்கும் செவுள் கிடையாது, இரண்டும் மூச்சு வாங்க மேலே வந்து போகும், இரண்டின் முன்கால்களும் துடுப்பாக மாறியிருக்கும். வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ஒரு பழுப்பு முதுகு தெரிந்து மறைந்தால், பழகாத கண்ணுக்கு எது என்றே பிடிபடாது. ஆனாலும் ஒன்று பாலூட்டி, மற்றது ஊர்வன. வம்ச வழியில் பார்த்தால் ஆவுளியாவுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவுகளில் ஒன்று யானை. பேராமைக்கோ முதலையும் பறவையும்.

உயிரினங்களை வகைப்படுத்தக் கற்றுக்கொள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடற்கரையில் நடக்க ஆரம்பித்திருக்கும் மாணவர்கள், ஆமை முட்டை தேடும் இரவு நடைக்கு முதல் முறையாகப் போகிறவர்கள், தனுஷ்கோடிக்கு வந்து ஒதுங்கிய ஆமையைப் பார்த்துவிட்டு "இது என்ன ஆமை" என்று கேட்பவர்கள், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வரிசையாகச் செய்து பார்த்தால் ஒரு பருவத்திலேயே கை வந்துவிடும்.

முதலில், எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். தண்ணீரில் இருந்தால் மீன், தண்ணீரிலும் தரையிலும் இருந்தால் தவளை இனம் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஆமையை "நீர்நில வாழ்வன" என்று சொல்லும் பெரியவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1735-இல் திமிங்கிலத்தை மீன்களோடு வைத்தவர், 1758-இல்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார். ஆமையையோ அந்த 1758-இலும் தவளையோடு ஒரே வகுப்பில்தான் வைத்திருந்தார்.

தவளைக்கும் ஆமைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம். தவளையின் முட்டைக்கு ஓடு கிடையாது, தண்ணீரில் அல்லது ஈரத்தில் இட வேண்டும், தலைப்பிரட்டையாக இருந்து தவளையாக மாறும். ஆமை கடலிலேயே வாழ்ந்தாலும் முட்டையிட மணலுக்கு வந்தே தீர வேண்டும், ஏனென்றால் ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்குக் காற்று வேண்டும், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் செத்துப்போகும். வெளியே வரும்போதே அது முழு ஆமை. தோலும் அப்படித்தான், தவளைக்கு ஈரமான வெறும் தோல், ஆமைக்குச் செதில்.

அடுத்து, பாலூட்டியா ஊர்வனவா என்று கேளுங்கள்

ஆவுளியாவையும் பேராமையையும் மனதில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பால். பெண் ஆவுளியாவின் முன்துடுப்புக்குப் பின்னால், அக்குள் இருக்கும் இடத்தில், காம்பு இருக்கிறது. ஏறக்குறைய 13, 14 மாதம் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும், ஒன்றரை ஆண்டு வரைகூடப் பால் கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளும். ஆமை குழி தோண்டி நூறுக்கு மேல் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும், குஞ்சைப் பார்க்கவே பார்க்காது. ஒரு குழந்தையை வளர்த்தெடுப்பது ஒரு வழி, நூறைப் போட்டு ஒன்றிரண்டாவது தப்பட்டும் என்று விடுவது இன்னொரு வழி. இரண்டும் பல கோடி ஆண்டு வேலை செய்து வந்த வழிகள்தான்.

முடி. ஆவுளியாவின் மூக்குப் பகுதியைச் சுற்றி முள் முள்ளாக முடி இருக்கும், உடம்பிலும் அங்கங்கே மெல்லிசாக இருக்கும். முடி உள்ளது பாலூட்டி மட்டுமே. ஆமையில் ஒரு மயிர்கூடத் தேட முடியாது.

மூச்சு. நமக்கும் ஆவுளியாவுக்கும் நுரையீரலையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இருக்கிறது. பாலூட்டிகளின் அந்த உதரவிதானம் ஆமைக்கு இல்லை. போதாததற்கு அதன் விலா எலும்புகள் ஓட்டோடு ஓடாக ஒட்டிப் போனவை, மார்பை விரித்து மூச்சு வாங்கவே முடியாது. வயிற்றுப் பக்கத்துத் தசைகளை இழுத்தும் தளர்த்தியும்தான் நுரையீரலுக்குள் காற்றை ஏற்றி இறக்குகிறது. இழுவை மடி வலையில் மாட்டிய ஆமை ஏன் சாகிறது என்பதற்கும் இதுவே தொடக்கம். கடலிலேயே இருப்பதால் அதற்கு மூழ்குவது பிரச்சினை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மேலே வர முடியாமல் மாட்டிக்கொண்டால் கடலாமையும் மூச்சு முட்டித்தான் சாகும்.

உடம்புச் சூடு. பாலூட்டி தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, அதனால் நிறைய தின்ன வேண்டியிருக்கிறது. ஊர்வன பெரும்பாலும் வெயிலையும் தண்ணீரின் சூட்டையும் வாங்கி வாழ்கின்றன. "குளிர் ரத்தப் பிராணி" என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், வெயிலில் கிடக்கும் ஓணானின் ரத்தம் குளிர்ந்தா இருக்கும்?

முட்டைக்குள் ஆணா பெண்ணா என்று முடிவாகும் விதம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வியப்பு. பாலூட்டிக்கு அது கருவான நொடியிலேயே முடிந்துபோகிறது, தகப்பனிடமிருந்து வந்த குரோமோசோம் எது என்பதுதான் கணக்கு. கடலாமைக்கு மணலின் சூடு முடிவுசெய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸைச் சுற்றி ஒரு நடுக்கோடு, அதற்கு மேல் போனால் பெண் அதிகம், கீழே போனால் ஆண் அதிகம். பொரிப்பகங்களில் முட்டைக் குழிகளுக்கு மேலே நிழல் வலை கட்டுவது எதற்கு என்று இப்போது புரியும்.

இதயம், ரத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. பாலூட்டிக்கு நான்கு அறை, ஆமைக்கு மூன்று, கீழ் அறையில் பாதித் தடுப்பு மட்டும் உண்டு. ஊர்வனவிலேயே முதலைக்கு நான்கு அறை இருக்கிறது, ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரத்தச் சிவப்பணு நல்ல சாட்சி: முதிர்ந்த அணுவில் நமக்கு உட்கரு இல்லை, ஆமைக்கு உண்டு. கழுத்தெலும்பு நமக்கும் ஆவுளியாவுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, ஆமைக்கு எட்டு.

ஏமாற்றும் அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். செதில் இருந்தால் ஊர்வன என்று நினைத்தால் அழுங்கு உங்களைக் கவிழ்த்துவிடும். அழுங்கு, அதாவது எறும்புதின்னி, உடம்பு முழுக்க ஓடு அடுக்கிய மாதிரி செதில், ஆனால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் சுத்தமான பாலூட்டி. முட்டை இட்டால் பாலூட்டி இல்லை என்று நினைத்தால் ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் இருக்கிறது, முட்டையும் இடும் பாலும் கொடுக்கும். வெளிச் சூட்டை நம்பித்தான் ஊர்வன வாழும் என்றால் தோணியாமை என்ற கடலாமை இருக்கிறது, அந்தப் பெரிய உடம்பு குளிர்ந்த கடலில்கூடச் சுற்றியுள்ள தண்ணீரைவிட வெதுவெதுப்பாகத் தன்னை வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரே ஒரு அடையாளத்தில் நிற்காதீர்கள், மூன்று நான்கைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, இது ஆமை என்று எப்படித் தீர்மானிப்பது

இதற்குக் கஷ்டமே இல்லை, ஓடு போதும். ஆனால் ஓடு என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நத்தை, சங்கு மாதிரி மேலே போர்த்திக்கொண்ட கூடு இல்லை அது. முதுகெலும்பும் விலா எலும்புகளும் பரந்து ஒன்றோடொன்று இணைந்ததுதான் மேலோடு, அடியில் வயிற்றோடு. அதற்கு மேல் நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆன தகடுகள். ஆமையை ஓட்டிலிருந்து "வெளியே எடுக்க" முடியாது, உங்களை உங்கள் முதுகெலும்பிலிருந்து எடுக்க முடியாதது மாதிரி. இன்னொரு விந்தை, நம் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு உள்ளே இருக்கிறது. முதுகெலும்புள்ள வேறு எந்த விலங்குக்கும் இப்படி இல்லை.

பல் கிடையாது, கொம்புப் பொருளால் ஆன அலகுதான். ஆனால் ஒரு காலத்தில் பல் இருந்தது. சீனாவில் கிடைத்து 2008-இல் விவரிக்கப்பட்ட ஒடன்டோகெலிஸ் என்ற தொல்லுயிர் எச்சம் 22 கோடி ஆண்டுப் பழசு, அதற்கு வாயில் பல் இருக்கிறது, வயிற்றோடு முழுசாக இருக்கிறது, மேலோடு இன்னும் உருவாகவில்லை.

வகைப்பாட்டு ஏணியில் ஆமைகளின் இடம் இது: முதுகுநாணிகள் தொகுதி, ஊர்வன வகுப்பு, அதில் ஆமைகளுக்கென்று டெஸ்டுடைன்ஸ் என்ற தனி வரிசை. பாம்பும் பல்லியும் வேறு வரிசை, முதலை வேறு வரிசை. மண்டையோட்டில் கன்னப்பொறிப் பக்கம் துளை இல்லாததால் ஆமையை மிகப் பழைய கிளை என்று நெடுநாள் எழுதிவந்தார்கள், மரபணுவை ஒப்பிட்ட பிறகு முதலை, பறவை இருக்கும் கிளைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆமை வரிசைக்குள் இரண்டு பெரும் பிரிவு, கழுத்தை எப்படி மடக்குகிறது என்பதை வைத்து. நேராகப் பின்னுக்கு இழுப்பவை ஒன்று, பக்கவாட்டில் மடித்து ஓட்டோரத்தில் செருகிக்கொள்பவை மற்றது. பக்கவாட்டு ஆமைகள் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம்தான். நம் நாட்டு ஆமைகள் எல்லாம் நேர்க்கழுத்துப் பிரிவு.

கால்களைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் டர்டில், டார்ட்டாய்ஸ் என்று தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டு எது எது என்று குழம்புவார்கள். நமக்கு ஆமை என்ற ஒரே சொல், முன்னால் இடத்தையோ குணத்தையோ சேர்த்தால் முடிந்தது. எனக்கு இது வசதியாகவே இருக்கிறது, ஏனென்றால் உறவு எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

யானைக்கால் மாதிரி தூண் தூணாக, விரல் தெரியாமல் இருந்தால் நில ஆமை. நம் வறண்ட காட்டுப் பக்கத்து நட்சத்திர ஆமை இந்த வகை. விரல்களுக்கிடையே சவ்வும் நகமும் இருந்தால் கண்மாய் ஆமை. ராமநாதபுரத்தில் கண்மாய்க்குக் குறைவா என்ன, அவற்றில் கறுத்த ஓட்டுக் காராமையும், ஓடு மெத்தென்று தோல் போர்த்தியது போல இருக்கும் பாலாமையும் இருக்கின்றன. கால் துடுப்பாக இருந்தால் கடலாமை. அவ்வளவுதான்.

ஐம்புலனையும் ஆமைபோல் அடக்கு என்று பள்ளியில் படித்திருப்போம். நான்கு காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்த ஆமை நில ஆமையோ கண்மாய் ஆமையோதான். கடலாமையால் தலையையும் உள்ளே இழுக்க முடியாது, துடுப்பையும் இழுக்க முடியாது. நீந்துவதற்காக அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துவிட்டது. வலையில் சிக்கிய கடலாமையின் கழுத்திலும் துடுப்பிலும் நைலான் நரம்பு அறுத்த காயத்தை அத்தனை முறை பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தகடுகளை எண்ணுங்கள்

உலகத்தில் கடலாமை 7 இனம், இரண்டே குடும்பம். தகடுள்ளவை 6, தகடில்லாதது 1. இந்தியக் கடலில் 5 உண்டு.

எண்ண வேண்டியது மேலோட்டின் நடு வரிசைக்கு இரு பக்கமும் இருக்கும் பெரிய தகடுகளை, ஓரத்துச் சிறு தகடுகளை அல்ல. கழுத்துப் பக்கம் தொடங்கி வால் பக்கம் போங்கள். ஒரு மாசி விடியலில் அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் செத்து ஒதுங்கிய ஆமை ஒன்றின் முதுகில் உள்ளங்கையால் மணலைத் துடைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கொட்டலசு (பாறையிலும் ஓட்டிலும் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஒட்டி வெள்ளை வெள்ளையாக இருந்தது, ஒரு தகட்டின் விளிம்பு உரிந்து கீழே வெளிறிய எலும்பு தெரிந்தது. கரைவலை இழுக்க வந்த அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, ஓட்டை எண்ணிக்கிட்டு இருக்க?"

"இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஏழு வருதுண்ணே. தப்பா எண்ணிட்டேனோன்னு பாக்குறேன்."

"தப்பில்ல, அப்ப பங்குனி ஆமைதான். அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்காது. பேராமைன்னா நாலோட நின்னுரும்."

எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இதே கணக்குத்தான். பங்குனி ஆமைக்குப் பக்கத்துக்கு 5 முதல் 9 வரை வரும், பெரும்பாலும் 6 அல்லது அதற்கு மேல், இரு பக்கமும் சமமில்லாமலும் இருக்கும். ஓடு இரண்டரை அடி தாண்டாது, சாம்பல் கலந்த பச்சை. நம் மாவட்டக் கரையில் முட்டையிட வருவது பெரும்பாலும் இதுதான், தை தொடங்கிப் பங்குனி வரை. பெயரே மாதத்தைச் சொல்கிறது.

பேராமைக்கு 4, தகடுகள் பக்கம் பக்கமாகப் பதித்தது போல இருக்கும், கண்களுக்கு நடுவே நெற்றியில் ஒரே ஒரு இணைச் செதில், துடுப்பில் ஒரு நகம். அழுங்காமைக்கும் 4 தான், அங்கேதான் குழப்பம் வரும். ஆனால் அதன் தகடுகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், நெற்றியில் இரண்டு இணைச் செதில், வாய் கிளி மூக்கு மாதிரி, துடுப்பில் இரண்டு நகம். மேலே சொன்ன அழுங்கின் செதிலை நினைத்துப் பாருங்கள், அந்த ஒற்றுமையில் வந்த பெயராகவே எனக்குப் படுகிறது. ஒரு ஊர்வனவுக்குப் பாலூட்டியின் பெயரை வைத்தவர்கள் இரண்டையும் கிட்டே நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அழுங்காமை பவளப்பாறைகளில் கடற்பஞ்சு தின்கிறது, அதனால் அதன் இறைச்சி சில நேரம் விஷமாகி ஆளையே கொன்றிருக்கிறது.

பெருந்தலை ஆமைக்கு 5, செம்பழுப்பு ஓடு, நண்டையும் சங்கையும் உடைக்கும் பெரிய தலை. நம் பக்கம் அரிது. தோணியாமைக்கு எண்ணவே வேண்டாம், தகடு கிடையாது, கறுத்த தோலில் நீளவாக்கில் 7 வரி, அதனால் ஏழுவரி ஆமை என்றும் பெயர். நகமும் கிடையாது. சொறியை, அதாவது ஜெல்லி மீனை, தின்றே நூற்றுக்கணக்கான கிலோவுக்கு வளர்கிறது. 1988-இல் வேல்ஸ் நாட்டில் ஒதுங்கிய ஆண் ஒன்று 900 கிலோவுக்கு மேல் இருந்தது.

ஆணா பெண்ணா என்பதற்கு வாலைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு வால் ஓட்டைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும், பெண்ணுக்குக் குட்டை. சின்ன ஆமையில் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, சொல்லாதீர்கள்.

ஆமை இல்லாமல் தடம் மட்டும் இருந்தால்

விடியலில் போனால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். துடுப்புத் தடம் இடது வலது என்று மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை இவற்றில் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊன்றி இழுத்தது போல எதிரெதிரே விழுந்திருந்தால் பேராமை அல்லது தோணியாமை. அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், பங்குனி ஆமைத் தடம் முக்கால் மீட்டர் அளவில் இருக்கும், பேராமை ஒரு மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும். ஏறி வந்த தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடந்தால் கூடு இருக்கலாம். தோண்டிப் பார்க்காதீர்கள். கம்பை விட்டுக் குத்திப் பார்ப்பதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள், ஒரு முட்டை உடைந்தாலே எறும்பு வந்து மொத்தக் கூடும் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறது, இடத்தைச் சொன்னால் வருவார்கள். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும்.

உயிரோடு கிடந்தால்

கடலாமைகள் ஐந்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, ஆவுளியாவும் அதே அட்டவணைதான். பிடித்து வைப்பது, ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோவது, முட்டை எடுப்பது எல்லாம் குற்றம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். கண்மாய் வற்றினால் தண்ணீர் தேடி வரும் உயிர் அது.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ளாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் ஏறி மயங்கியிருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரை அடிக்கு மேல் உயர்த்தி, நிழலில் ஈரத் துணி போட்டு வையுங்கள், மூக்கை மூட வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நாலைந்து மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம் அது தெளிய. மல்லாக்கப் போடவே கூடாது. முன்னே சொன்ன அந்த விரியாத மார்பை நினைத்துக்கொண்டால், குடல் பாரம் முழுவதும் நுரையீரல் மேல் விழும் என்பது தெரியும். தெளிந்து துடுப்படிக்க ஆரம்பித்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கமாக, தலை முன்னால் போகும்படி இறக்கிவிடுங்கள்.

குஞ்சுகள் கடலை நோக்கிப் போனால் தூக்கிக்கொண்டுபோய் விடாதீர்கள், அவையே ஊர்ந்து போகட்டும். கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பிவிடும்.

செத்து ஒதுங்கியதாக இருந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, இடம், இடது தகடு எத்தனை, வலது எத்தனை, நெற்றிச் செதில், நகம், வாலின் நீளம், ஓட்டின் நீளம் கழுத்து விளிம்பிலிருந்து வால் விளிம்பு வரை, காயம் ஏதாவது இருந்தால் எங்கே. மேலிருந்து ஒரு படம், முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம், அளவுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு. எழுதியதை மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.